என்.சி.எஃப். முதல் ஓ.என்.டி. வரை: கேபிள் டி.வி., பிராட்பேண்ட் சொற்கள் உணர்த்துவது என்ன?

கேபிள் டி.வி. ரசீதிலும் இணைய மோடத்திலும் காணப்படும் சுருக்கெழுத்துகள் ஒவ்வொன்றும் ஒரு கட்டணத்தையோ ஒரு பொறுப்பையோ குறிக்கின்றன. அவற்றின் பொருள் தெரிந்தால், எதற்குப் பணம் செலுத்துகிறோம் என்பதும் பழுது ஏற்பட்டால் யாரைக் கேட்க வேண்டும் என்பதும் தெளிவாகும்.

மார்டள்ளி (மைசூரு): கர்நாடகத்தின் தென்கிழக்கு எல்லையில், மாதேஸ்வரன் மலைப் பகுதியை ஒட்டி அமைந்துள்ள ஊர் மார்டள்ளி. தமிழ் பேசும் குடும்பங்கள் பெருமளவில் வாழும் இவ்வூர் தற்போது சாமராஜநகர் மாவட்டம், ஹனூர் வட்டத்தில் உள்ளது. 1997இல் சாமராஜநகர் தனி மாவட்டமாகப் பிரிக்கப்படும் வரை இப்பகுதி மைசூரு மாவட்டத்தில் இருந்தது. 1956இல் மாநிலங்கள் மொழிவாரியாகச் சீரமைக்கப்படுவதற்கு முன்பு, கொள்ளேகால் வட்டத்தின் ஒரு பகுதியாக அன்றைய சென்னை மாநிலத்தின் கோவை மாவட்டத்தோடு இணைந்திருந்தது.

எல்லைக்கோடு மாறினாலும் வீட்டில் பேசும் மொழி மாறவில்லை. ஆனால் கேபிள் டி.வி. நிறுவனங்களின் அடிப்படைத் தொகுப்புகள் பொதுவாக அந்தந்த மாநிலத்தின் பெரும்பான்மை மொழியை முன்வைத்தே வடிவமைக்கப்படுகின்றன. இதனால், எல்லையோரத் தமிழ்க் குடும்பங்களுக்கு "விரும்பிய தமிழ்ச் சேனல் ஏன் வரவில்லை?" என்பது எளிய கேள்வி அன்று. அந்தச் சேனலை நிறுவனமே பெறாமல் இருக்கலாம். பெற்றும் சந்தாதாரரின் தொகுப்பில் சேர்க்கப்படாமல் இருக்கலாம். தொகுப்பில் இருந்தும் கம்பியில் பழுது இருக்கலாம். மூன்றுக்கும் பதில் சொல்ல வேண்டியவர்கள் வெவ்வேறு நபர்கள். இந்த வேறுபாட்டை உணர்த்துபவையே இத்துறையின் கலைச்சொற்கள்.

யார் யார் இந்தச் சங்கிலியில்?

நிகழ்ச்சிகளைத் தயாரித்து, செயற்கைக்கோள் வழியாக அனுப்பும் தொலைக்காட்சி நிறுவனம் 'ஒளிபரப்பாளர்' எனப்படுகிறது. அந்தச் சேனல்களைப் பெற்று மக்களிடம் சேர்க்கும் நிறுவனங்கள் அனைத்துக்கும் பொதுவான பெயர் 'டி.பி.ஓ.', அதாவது விநியோகத் தள நிறுவனம். இதில் கேபிள் வழியாகச் சேவை அளிப்பது 'எம்.எஸ்.ஓ.'. பல ஊர்களுக்கும் ஒரே மையத்திலிருந்து சேனல்களை அனுப்பும் பெரிய கேபிள் நிறுவனம் என இதைப் புரிந்துகொள்ளலாம். வீட்டுக் கூரையில் சிறிய டிஷ் ஆன்டெனாவைப் பொருத்தி, செயற்கைக்கோளிலிருந்து நேரடியாகச் சேனல்களை வழங்கும் 'டி.டி.எச்.' நிறுவனங்களும் டி.பி.ஓ. வகையைச் சேர்ந்தவையே.

தெருவில் கம்பி இழுத்து, மாதந்தோறும் பணம் வசூலிக்க வீட்டுக்கு வருபவர் 'எல்.சி.ஓ.' எனப்படும் உள்ளூர் கேபிள் ஆபரேட்டர். மக்களுக்குத் தெரிந்த முகம் இவர்தான் என்பதால் எல்லாக் குறைகளும் இவரிடமே சொல்லப்படுகின்றன. எனினும், எந்தச் சேனலை எம்.எஸ்.ஓ. பெற வேண்டும், அதற்கு என்ன விலை என்பதை முடிவு செய்யும் அதிகாரம் இவரிடம் இல்லை. 1995ஆம் ஆண்டின் கேபிள் தொலைக்காட்சி வலையமைப்புகள் ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் எல்.சி.ஓ. பதிவு பெற்றிருக்க வேண்டும். முன்பு தலைமை அஞ்சலகங்களில் நடைபெற்று வந்த இப்பதிவு, 2025 ஜனவரி முதல் மத்திய தகவல் மற்றும் ஒலிபரப்பு அமைச்சகத்தின் இணையதளம் வழியாக, நாடு முழுமைக்கும் ஐந்தாண்டுகள் செல்லத்தக்கதாக வழங்கப்படுகிறது.

தமிழ்நாட்டில் 2007இல் தொடங்கப்பட்ட அரசு கேபிள் டி.வி. நிறுவனமும் ஓர் எம்.எஸ்.ஓ. தான். 2011இல் மாதம் 70 ரூபாய் கட்டணத்துடன் அது மீண்டும் முழுவீச்சில் செயல்படத் தொடங்கியது. தமிழ்நாடு அரசின் நிறுவனமான இதன் கட்டணங்களும் அறிவிப்புகளும் அம்மாநிலச் சந்தாதாரர்களுக்கே உரியவை. எல்லைக்கு அப்பால் உள்ள தமிழ்க் குடும்பங்கள் அவற்றைத் தங்கள் ரசீதுடன் ஒப்பிட இயலாது.

ஹெட்எண்ட், சி.ஏ.எஸ்., எஸ்.எம்.எஸ்.

எம்.எஸ்.ஓ.வின் மைய நிலையம் 'ஹெட்எண்ட்' எனப்படுகிறது. பெரிய டிஷ் ஆன்டெனாக்கள் வழியே செயற்கைக்கோள் சமிக்ஞைகள் இங்கு பெறப்பட்டு, ஒன்றுதிரட்டப்பட்டு, கம்பிகளில் அனுப்பப்படுகின்றன. ஒரு சேனல் ஹெட்எண்டுக்கே வரவில்லை எனில், உள்ளூர் ஆபரேட்டரோ வீட்டுப் பெட்டியோ அதைக் காட்ட வழியில்லை.

ஹெட்எண்டிலிருந்து கிளம்பும் சேனல்கள் பூட்டப்பட்ட நிலையிலேயே பயணம் செய்கின்றன. அந்தப் பூட்டு 'சி.ஏ.எஸ்.', அதாவது நிபந்தனை அணுகல் அமைப்பு. பணம் செலுத்தியவரின் பெட்டிக்கு மட்டும் திறவுகோல் அனுப்பப்படும். எந்தப் பெட்டிக்கு எந்தச் சேனல் உரியது, சந்தா எப்போது முடிகிறது என்ற கணக்கை வைத்திருப்பது 'எஸ்.எம்.எஸ்.' எனப்படும் சந்தாதாரர் மேலாண்மை அமைப்பு. கைப்பேசிக் குறுஞ்செய்திக்கும் இதற்கும் தொடர்பு இல்லை.

ஒரு நிறுவனத்தின் செட்டாப் பாக்ஸ் பொதுவாக மற்றொரு நிறுவனத்தின் இணைப்பில் இயங்காததற்கு இந்தப் பூட்டும் திறவுகோலும்தான் முக்கியக் காரணம். தமிழ்நாடு அரசு கேபிள் டி.வி. சேவை 2022 நவம்பரில் மென்பொருள் கோளாறால் பல இடங்களில் தடைபட்டது. மைய அமைப்பில் சிக்கல் ஏற்பட்டால் வீட்டுக் கம்பியில் எந்தக் குறையும் இல்லாத நிலையிலும் திரை இருண்டுவிடும் என்பதற்கு அது ஓர் எடுத்துக்காட்டு.

செட்டாப் பாக்ஸ் எப்போது கட்டாயமானது?

2011ஆம் ஆண்டின் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, கேபிள் சேவை நான்கு கட்டங்களாக டிஜிட்டல் முறைக்கு மாற்றப்பட்டது. சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்கள் முதல் கட்டத்தில் இடம்பெற்றன. மைசூரு, பெங்களூரு, கோவை உள்ளிட்ட 38 நகரங்களுக்கு 2013 மார்ச் 31 இறுதி நாளாக அறிவிக்கப்பட்டது. மார்டள்ளி போன்ற கிராமப் பகுதிகள் நான்காம் கட்டத்தில் வந்தன. அதற்கான இறுதிக் கெடு 2017 மார்ச் 31. மைசூரு நகருக்கும் அதன் பழைய மாவட்டத்துக் கிராமங்களுக்கும் இடையே இந்த மாற்றத்தில் நான்கு ஆண்டு இடைவெளி இருந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

ரசீதில் உள்ள சொற்கள்

சேனல்கள் இரு வகைப்படும். 'எஃப்.டி.ஏ.' என்பது ஒளிபரப்பாளர் விலை ஏதும் வைக்காத இலவசச் சேனல். 'பே சேனல்' என்பது மாத விலை நிர்ணயிக்கப்பட்ட கட்டணச் சேனல். இந்த விலையின் உச்ச வரம்பு 'எம்.ஆர்.பி.' என அழைக்கப்படுகிறது.

இலவசச் சேனல் மட்டும் பார்ப்பவரும் மாதந்தோறும் ஒரு தொகை செலுத்துவது ஏன் என்ற கேள்வி பலருக்கும் உண்டு. அதற்கான விடை 'என்.சி.எஃப்.', அதாவது வலையமைப்புக் கட்டணம். சேனலின் விலையோடு இதற்குத் தொடர்பில்லை. சேனல்களை வீடு வரை கொண்டுவந்து சேர்ப்பதற்கான கூலி இது. இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் வகுத்த புதிய கட்டண முறை 2019 பிப்ரவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தபோது, 100 சேனல்களுக்கு அதிகபட்சம் 130 ரூபாய் என்.சி.எஃப். என வரம்பு விதிக்கப்பட்டது. 2020ஆம் ஆண்டுத் திருத்தத்தில் அதே தொகைக்கு 200 சேனல்கள் என அது மாற்றப்பட்டது. 2024 ஜூலையில் செய்யப்பட்ட திருத்தத்தில் இந்த உச்ச வரம்பு நீக்கப்பட்டு, தொகையை நிறுவனங்களே முடிவு செய்துகொள்ள அனுமதிக்கப்பட்டது. பகுதிக்குப் பகுதி அது மாறுபடலாம். ஆனால் நிறுவனம் தன் கட்டணத்தை வெளிப்படையாக அறிவிக்க வேண்டும். எனவே "130 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது" என்ற பழைய விதியை இன்றைய ரசீதுக்குப் பொருத்த இயலாது.

'அலாகார்ட்' என்பது வேண்டிய சேனலைத் தனித்தனியாகத் தேர்ந்தெடுக்கும் முறை. 'பொக்கே' என்பது பல சேனல்களைக் கட்டிய தொகுப்பு. உணவகத்தில் தனித்தனிப் பதார்த்தம் வாங்குவதற்கும் முழுச் சாப்பாடு வாங்குவதற்கும் உள்ள வேறுபாடு போன்றது இது. 2022 நவம்பர் திருத்தத்தின்படி, 19 ரூபாய்க்கு மேல் விலையுள்ள சேனலைப் பொக்கேயில் சேர்க்க இயலாது. பொக்கேக்கு ஒளிபரப்பாளர் அளிக்கும் தள்ளுபடியும் 45 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. தனிச் சேனலின் விலையைச் செயற்கையாக உயர்த்தி, தொகுப்பை மட்டும் மலிவாகக் காட்டும் போக்கைத் தடுப்பதே இந்த வரம்பின் நோக்கம்.

மார்டள்ளி போன்ற ஊர்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இந்த ஒரு சொல்லின் பயன் பெரிது. ஒரு டி.பி.ஓ. தன் தளத்தில் வைத்துள்ள ஒவ்வொரு சேனலையும் அலாகார்ட் முறையிலும் வழங்கியாக வேண்டும் என்பது டிராய் விதி. "இந்தப் பேக்கில் தமிழ் இல்லை" என்ற பதிலோடு உரையாடல் முடிய வேண்டியதில்லை. "அந்தச் சேனல் உங்கள் ஹெட்எண்டில் உள்ளதா?" என்பதே அடுத்த கேள்வி. உள்ளது எனில், வேண்டாத பொக்கேயை நீக்கிவிட்டு அந்தச் சேனலை மட்டும் சேர்க்கக் கோரலாம். இல்லை எனில், அந்தச் சேனலைக் கொண்டுள்ள வேறு எம்.எஸ்.ஓ. அல்லது டி.டி.எச். சேவையை நாடுவதே வழி. சேனல்களின் பட்டியலையும் விலையையும் திரையில் காட்டும் 'இ.பி.ஜி.' எனப்படும் நிகழ்ச்சி வழிகாட்டியிலேயே இதைச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

எடுத்துக்காட்டாக, ஒருவரின் என்.சி.எஃப். 130 ரூபாய், கட்டணச் சேனல்களின் விலை 70 ரூபாய் எனக் கொண்டால், மொத்தம் 200 ரூபாய். அதற்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்தால் 236 ரூபாய் ஆகிறது. ரசீது இந்த மூன்று பகுதிகளையும் பிரித்துக் காட்டினால்தான் எதைக் குறைக்கலாம் என்று குடும்பம் முடிவு செய்ய இயலும். ஒரே தொகையாக எழுதப்பட்ட சீட்டில் அதற்கு இடமில்லை.

செம்புக் கம்பியிலிருந்து கண்ணாடி இழைக்கு

கேபிள் டி.வி.யின் தொடக்கக் காலம் முதல் பயன்படும் கறுப்பு நிறக் கம்பி 'கோ-ஆக்சியல் கேபிள்'. நடுவில் ஓர் உலோகக் கம்பி, அதைச் சுற்றிக் காப்புப் பொருள், அதன்மேல் உலோக வலை என அமைந்தது இது. தூரம் கூடக்கூட இதில் சமிக்ஞை விரைவில் நலிவதால், இடையிடையே 'ஆம்ப்ளிஃபயர்' எனப்படும் பெருக்கிகள் தேவைப்படுகின்றன. அவை மின்சாரத்தில் இயங்குபவை. தெருவில் மின்தடை ஏற்பட்டால், வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தும் கேபிள் நின்றுபோவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுவே.

மையத்திலிருந்து பகுதி வரை கண்ணாடி இழையும், அங்கிருந்து வீடு வரை கோ-ஆக்சியலும் அமைந்தால் அது 'எச்.எஃப்.சி.' எனும் கலப்பு வலையமைப்பு. வீடு வரை கண்ணாடி இழையே வந்தால் அது 'எஃப்.டி.டி.எச்.'. வீடுகளில் 'ஃபைபர்' என்று சுருக்கமாகச் சொல்லப்படுவது இதைத்தான்.

ஃபைபர் இணைப்பில் மூன்று கருவிகளை அறிந்திருப்பது போதுமானது. ஆபரேட்டரின் அறையில் இருந்து ஒளியை அனுப்புவது 'ஓ.எல்.டி.'. ஓர் இழையில் வரும் ஒளியைப் பல வீடுகளுக்குப் பகிர்வது 'ஸ்ப்ளிட்டர்'. வீட்டுச் சுவரில் அமர்ந்து ஒளியை இணையச் சமிக்ஞையாக மாற்றுவது 'ஓ.என்.டி.' அல்லது 'ஓ.என்.யு.'. இடைவழியில் மின்சாரம் தேவைப்படாத இந்த முறைக்கு 'பான்' என்று பெயர். அதன் பரவலான வகையான 'ஜிபான்' முறையில் ஓர் இழை, வீடுகளை நோக்கி நொடிக்குச் சுமார் 2.5 ஜிகாபிட்டும் எதிர்த்திசையில் சுமார் 1.25 ஜிகாபிட்டும் கொண்டுசெல்லும். அந்தத் திறனை 32 அல்லது 64 வீடுகள் வரை பகிர்ந்துகொள்கின்றன.

பழுது பார்க்க வருபவர் கையிலுள்ள 'பவர் மீட்டர்' காட்டும் எண் 'டி.பி.எம்.' அலகில் இருக்கும். இது வீட்டுக்கு வந்துசேரும் ஒளியின் வலிமை. இந்த எண் எதிர்மறையாக இருப்பதால் குழப்பம் நேரலாம். மைனஸ் 20 என்பது மைனஸ் 27ஐ விட வலுவான ஒளி. வழக்கமான ஜிபான் கருவிகளில் மைனஸ் 27 என்பது கருவி தாங்கும் கடைசி எல்லையை ஒட்டியது. அந்த அளவில் இணைப்பு அடிக்கடி அறுபடலாம். ஒவ்வொரு 3 டெசிபல் இழப்பும் ஒளியின் வலிமையைப் பாதியாக்குகிறது என்பதால், இழை மடங்கியிருத்தல், இணைப்பு முனையில் தூசி படிதல் போன்ற சிறு குறைகளும் பெரிதாகவே எதிரொலிக்கும்.

ஓ.என்.டி.யில் 'லாஸ்' என்று குறிக்கப்பட்ட சிவப்பு விளக்கு எரிந்தால், ஒளியே வந்துசேரவில்லை என்று பொருள். இழை அறுந்திருக்கலாம், முனை கழன்றிருக்கலாம். மோடத்தை எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் இது பெரும்பாலும் சரியாகாது. 'பான்' விளக்கு நிலையாக எரிந்தும் இணையம் இல்லை எனில், கம்பியில் குறை இல்லை. சந்தா, கடவுச்சொல் அல்லது நிறுவனத்தின் மையத்தில்தான் காரணத்தைத் தேட வேண்டும். புகார் அளிக்கும்போது எந்த விளக்கு எந்த நிறத்தில் எரிகிறது என்று தெரிவித்தால், மலைப்பகுதிக் கிராமத்துக்கு ஒரு தொழில்நுட்பப் பணியாளர் தேவையின்றிப் பயணம் செய்வதைத் தவிர்க்கலாம்.

வேகம் என்பது எது?

எது 'பிராட்பேண்ட்' என்பதற்கு அரசின் வரையறை உண்டு. 2004ஆம் ஆண்டுக் கொள்கையில் நொடிக்கு 256 கிலோபிட் வேகம் இருந்தாலே பிராட்பேண்ட் எனக் கருதப்பட்டது. 2013இல் அது 512 கிலோபிட் ஆனது. 2023 ஜனவரி முதல் குறைந்தபட்சப் பதிவிறக்க வேகம் 2 எம்.பி.பி.எஸ். இருந்தால்தான் அது பிராட்பேண்ட்.

'எம்.பி.பி.எஸ்.' என்பது நொடிக்கு எத்தனை மெகாபிட் என்பதைக் குறிக்கும். கோப்புகளின் அளவோ மெகாபைட்டில் சொல்லப்படுகிறது. எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். எனவே 100 எம்.பி.பி.எஸ். இணைப்பில் நொடிக்கு அதிகபட்சம் 12.5 மெகாபைட் இறங்கும். 1,500 மெகாபைட் அளவுள்ள திரைப்படத்துக்குக் குறைந்தது இரண்டு நிமிடங்கள் ஆகும். "100 வாங்கினேன், 12 தான் வருகிறது" என்ற புகார்களில் பல, இந்த அலகு வேறுபாட்டால் எழுபவை.

'லேட்டன்சி' என்பது அனுப்பிய சமிக்ஞைக்குப் பதில் வர ஆகும் தாமதம். காணொலி அழைப்பில் பேச்சு இடறுவதற்குக் காரணம் வேகக் குறைவாக இல்லாமல் இந்தத் தாமதமாகவும் இருக்கலாம். 'அப்லோட்' எனும் பதிவேற்ற வேகம், இணையவழி வகுப்பில் மாணவரின் முகமும் குரலும் ஆசிரியரைச் சென்றடைவதை முடிவு செய்கிறது. 'எஃப்.யு.பி.' என்பது நியாயப் பயன்பாட்டு வரம்பு. 'அன்லிமிடெட்' என விளம்பரப்படுத்தப்படும் திட்டத்திலும், குறிப்பிட்ட அளவு தரவு தீர்ந்தபின் வேகம் குறைக்கப்படலாம். அந்த அளவு எவ்வளவு, பின்னர் கிடைக்கும் வேகம் எவ்வளவு என்ற இரண்டையும் திட்டத்தில் சேரும் முன்பே கேட்டறிவது நல்லது.

பஞ்சாயத்து வரை வரும் இழை

கிராம ஊராட்சிகளைக் கண்ணாடி இழையால் இணைக்கும் மத்திய அரசின் திட்டம் 2011 அக்டோபரில் ஒப்புதல் பெற்றது. பின்னர் 'பாரத்நெட்' எனப் பெயர் மாற்றப்பட்டது. 2023 ஆகஸ்டில் சுமார் 1.39 லட்சம் கோடி ரூபாய் மதிப்பில் திருத்தப்பட்ட திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. இதில் இடம்பெறும் 'ரிங்' என்ற சொல் முக்கியமானது. ஒரே கோடாகச் செல்லும் இழை ஓரிடத்தில் அறுந்தால், அதற்கு அப்பாலுள்ள ஊர்கள் அனைத்தும் துண்டிக்கப்படும். வளையமாக அமைத்தால் மறுபக்கத்தின் வழியே சமிக்ஞை செல்லும். சாலைப் பணியில் இழை அறுபடும் மலைப்பகுதிகளுக்கு இது வசதியன்று, தேவை.

பஞ்சாயத்து அலுவலகம் வரை வரும் இழை 'மிடில் மைல்' எனவும், அங்கிருந்து வீடு வரையிலான பகுதி 'லாஸ்ட் மைல்' எனவும் அழைக்கப்படுகின்றன. ஊருக்கு ஃபைபர் வந்துவிட்டது என்ற அறிவிப்புக்கும் வீட்டுக்கு இணைப்பு கிடைப்பதற்கும் இடையே நிற்பது இந்தக் கடைசிப் பகுதிதான். பல ஊர்களில் அதை நிறைவு செய்பவர், ஏற்கெனவே கம்பமும் கம்பியும் வைத்துள்ள உள்ளூர் கேபிள் ஆபரேட்டரே.

புகார் அளிக்கும் முறை

டிராய் தனிநபர் புகார்களை நேரடியாக விசாரிப்பதில்லை. முதலில் நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவை மையத்தில் புகார் பதிவு செய்து 'டாக்கெட் எண்' எனப்படும் பதிவு எண்ணைப் பெற வேண்டும். கேபிள், டி.டி.எச். சேவையில் அங்கு தீர்வு கிடைக்காவிட்டால் 'நோடல் அதிகாரி'யையும், பிராட்பேண்ட் சேவையில் நிறுவனத்தின் மேல்முறையீட்டு அமைப்பையும் அணுகலாம். அதன் பின்னரும் குறை தீராவிட்டால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணையோ மாவட்ட நுகர்வோர் ஆணையத்தையோ நாடலாம். பதிவு எண்ணும் பிரித்து எழுதப்பட்ட ரசீதும் இல்லாத புகாருக்கு ஆதாரம் இருக்காது.

சேனல் வரவில்லை எனில், ஹெட்எண்டில் இல்லையா, சந்தாவில் இல்லையா, கம்பியில் பழுதா என்று கேட்க வேண்டும். ரசீது உயர்ந்தால், உயர்ந்தது என்.சி.எஃப். கட்டணமா, சேனல் விலையா, வரியா என்று கேட்க வேண்டும். இணையம் நின்றால், எரிவது எந்த விளக்கு என்று பார்க்க வேண்டும். இந்தக் கேள்விகளைச் சரியான சொற்களில் கேட்கும் சந்தாதாரருக்கு, "மேலே கேட்டுச் சொல்கிறேன்" என்ற பதிலைக் காட்டிலும் தெளிவான விடை கிடைக்கும் வாய்ப்பு அதிகம்.